தண்ணீரைக் காக்கும் வி2 ஏற்பி

வி2 ஏற்பி என்பது சிறுநீரகத்தின் சேகரிப்பு நாளங்களில், செல்களின் வெளிச்சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம். 371 அமினோ அமிலங்கள் கோத்த இழையாகச் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கிறது. மூளையில் உருவாகும் வாசோபிரசின் என்ற நியூரோபெப்டைடு இரத்தத்தில் வந்து இதில் ஒட்டியதும், தண்ணீரை மிச்சப்படுத்தும் வேலை செல்லுக்குள் தொடங்குகிறது.

இந்த வேலையின் அருமை வறண்ட ஊர்களில் புரியும். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வானம் பார்த்த பூமி. குண்டாறு மழை பெய்தால்தான் ஓடும். அங்கே சித்திரை வெயிலில் கரிமூட்டம் போடுபவருக்கு இரட்டைச் சூடு. சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசித் தீயிட்டபின், புகை கசியும் வெடிப்புகளை அருகிலேயே நின்று அடைக்க வேண்டும். வியர்வையில் உப்பைவிடத் தண்ணீரே அதிகம் போவதால் இரத்தம் செறிவாகிறது. அந்தச் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி கண்டுகொள்ளும். தாகம் எடுக்கிறது, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வாசோபிரசின் இரத்தத்தில் கலக்கிறது.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி வாசோபிரசின் தயவில்லாமலே உடம்புக்குத் திரும்பிவிடும். கடைசியில் மிஞ்சுவதை என்ன செய்வது என்பதுதான் வி2 ஏற்பியின் பொறுப்பு. வாசோபிரசின் ஒட்டியதும் ஏற்பி வடிவம் மாறி, உட்புறமுள்ள ஜி-புரதத்தைத் தூண்டுகிறது. செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூது மூலக்கூறு பெருகுகிறது. உள்ளே ஒதுங்கிக் கிடந்த அக்வாபோரின்-2 என்னும் நீர்த்துளைப் புரதங்கள் சிறுநீர் ஓடும் பக்கத்துச் சவ்வுக்கு நகர்கின்றன. கண்மாயில் மடை திறந்தாற்போல, நாளத்தின் நீர் உடம்புக்குள் பாய்கிறது. சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகிறது. வயிறார நீர் குடித்தால் வாசோபிரசின் குறையும். துளைகளும் உள்ளே திரும்பிவிடும்.

இந்தச் சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. கழிவை வெளியேற்ற நாளுக்குக் கிட்டத்தட்ட அரை லிட்டர் சிறுநீராவது போயே ஆகவேண்டும். வியர்வையில் போனதை ஏற்பியால் ஈடுகட்ட முடியாது. குடித்துத்தான் நிரப்ப வேண்டும். ஒதுங்க இடமில்லையே என்று காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொள்வது வேதனையான விஷயம். சிறுநீர் நாள்கணக்கில் செறிவாகவே இருந்தால் கல் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. மதுவோ வாசோபிரசின் சுரப்பதையே தடுப்பதால், உழைத்துக் களைத்த உடம்பு இன்னும் வறள்கிறது.

வி2 ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. 1992-இல் அடையாளம் காணப்பட்டது. அதில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் ஏற்பி செல்லுக்குள்ளேயே சிக்கி, சவ்வுக்கு வந்து சேர்வதில்லை. வாசோபிரசின் தாராளமாக இருந்தும் பயனில்லை. ஒரே எக்ஸ் உள்ள ஆண் குழந்தைகளையே இந்தப் பரம்பரை நோய் அதிகம் தாக்கும். சிறுநீர் தண்ணீர்போல ஓயாமல் போகும், காய்ச்சல், வாந்தி வரும், எடை ஏறாது. சர்க்கரை நோயோ என்று சோதித்தால் ஒன்றும் தெரியாது. கோடையில் இப்படி வறண்டுபோகும் கைக்குழந்தையின் மூளையே பாதிக்கப்படலாம் என்பதால் தாமதம் ஆபத்தானது. தேவையான நீர், உப்புக் குறைந்த உணவு, தயசைடு வகை மருந்து ஆகியவற்றால் மருத்துவர்கள் நோயைக் கட்டுக்குள் வைக்கிறார்கள். வாசோபிரசினே சுரக்காதவர்களுக்குக் கைகொடுக்கும் டெஸ்மோபிரசின், ஏற்பி பழுதான இவர்களுக்குப் பெரும்பாலும் பலன் தராது.