நந்தன் கதை: காண வேண்டிய ஓர் இசை நாடகம்

பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகம் என்றவுடனே நம் குடும்பங்களில் இருவகைத் தடைகள் எழுவதுண்டு. "அது பொழுதைப் போக்கும், புத்திக்கு உதவாது" என்பர் சிலர். "அது பிற சமயத்தாரின் கதை; நமக்கு எதற்கு?" என்பர் வேறு சிலர். இவ்விரண்டுக்கும் விடை கூறவல்ல நாடகம் ஒன்று நம் காவிரிப் படுகையிலேயே பிறந்து, நூற்றறுபது ஆண்டுகளாக உருமாறி உருமாறி மேடையேறி வருகின்றது. அதுவே நந்தன் கதை. குடவாசல் வட்டாரத்துக் குடும்பங்கள், வாய்ப்பு நேரும்போது பிள்ளைகளுடன் சென்று அதைக் காண வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

அண்டை ஊரின் இசை

நந்தனாரின் வரலாற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைத்தார். ஆதனூரில் புலையர் குலத்தில் பிறந்த நந்தனார், கோயில் முரசுகளுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்து வந்தவர். தாம் அளித்த தோல் உள்ளே ஒலிக்க, தாம் வெளியே நிற்க வேண்டிய நிலை அவருடையது. தில்லைக்கு "நாளைப் போவேன்" என்று நாள்தோறும் கூறி வந்தமையால் திருநாளைப்போவார் என்னும் பெயர் பெற்றார்.

இவ்வரலாற்றை இசையாக்கியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து, நன்னிலம் வட்டத்து முடிகொண்டானிலும் பின்னர் மாயூரத்தை அடுத்த ஆனந்த தாண்டவபுரத்திலும் வாழ்ந்தவர். அவர் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவால் அச்சேறியது. உயர்ந்த இராகங்களோடு நொண்டிச் சிந்து போன்ற நாட்டுப்புற மெட்டுகளையும் அவர் துணிந்து சேர்த்துக் கொண்டார். ஆகவே வித்துவானும் வயலில் உழைப்பவனும் ஒருங்கே அதைப் பாடினர்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார். இலக்கண வழுக்கள் ஒருபுறம். சேக்கிழார் கூறாத நிகழ்ச்சிகள் மறுபுறம். பாரதியாரோ மனம் தளராமல் பலமுறை நடந்தார். ஒரு நாள், பிள்ளையவர்கள் வீட்டினுள் ஓய்வு கொண்டிருக்க, வெளியே காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனை ஒன்றைத் தமக்குள்ளே பாடத் தொடங்கினார். உள்ளிருந்து கேட்ட புலவர் பெருமானின் நெஞ்சம் உருகிற்று; பாயிரமும் பிறந்தது. இதனை எழுதி வைத்தவர் இருவரையும் நன்கறிந்த உ. வே. சாமிநாதையர். இலக்கணம் எழுப்பிய தடையை இசை கடந்து சென்றது. இசை நாடகத்தின் ஆற்றலுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

"பிற சமயத்துக் கதை" என்று தயங்குவோர்க்கு ஒரு வார்த்தை. தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-இல் வெளியிட்ட மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர்; பாரதியாரின் நண்பர். பஞ்ச காலத்தில் பிள்ளையவர்கள் ஏழைகளுக்குச் செய்த அறத்தைக் கண்டு பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். பிள்ளையவர்களும் சர்வ சமய சமரசக் கீர்த்தனை இயற்றினார். பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965-இல் வத்திக்கான் சங்கம் அறிவிப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, இந்நட்பு நம் படுகையில் நிலவிற்று.

நாற்பது வேலி

பாரதியார் புதிதாகப் படைத்த பாத்திரம் நந்தனின் ஆண்டையாகிய வேதியர். சேக்கிழாரிடம் இவர் இல்லை. பெரியபுராணத்து நந்தனாரைத் தடுத்தது தம் குலத்தைப் பற்றிய கூச்சம். கீர்த்தனை நந்தனைத் தடுப்பது பண்ணை. தில்லைக்குப் போக விடை கேட்டு நிற்பவனிடம், நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. வேலி ஒன்று ஏறத்தாழ 6.6 ஏக்கர் ஆதலின், இது 260 ஏக்கருக்கும் மேல். சம்பா அறுவடையைக் கண்ணால் கண்ட நமக்கு, இக்கட்டளை "போகாதே" என்பதற்கு மறுபெயர் என்று விளக்க வேண்டியதில்லை. இறையருளால் ஒரே இரவில் வேலை முடிகிறது. ஆண்டை அடியவனின் காலில் விழுகிறார்.

பண்ணையாள் ஒருவன் விடுப்புக் கேட்கும் காட்சியைப் பாரதியார் இசையின் நடுவில் நிறுத்தினார். பண்ணையாளைக் காக்கத் தஞ்சை மாவட்டத்துக்கெனத் தனிச் சட்டம் வந்தது 1952-இல். சட்டத்துக்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் முன்னதாகவே பாட்டு வந்துவிட்டது.

மாறிய வேடங்கள்

பின்னர் இக்கதை திரைக்கும் சென்றது. 1935-இல் கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேடம் பூண்டு நந்தனாராகப் பாடினார். 1942-இல் ஜெமினி நிறுவனத்தின் படத்தில் தண்டபாணி தேசிகர் பாடினார். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இதே காலட்சேப முறையில் "கிந்தனார்" என்னும் நகைச்சுவைக் கதையை அமைத்தார். 1949-இல் வெளிவந்த நல்லதம்பி படத்திலும் அது இடம்பெற்றது. நந்தன் கோயிலுக்குப் போக ஏங்கினான். கிந்தன் பள்ளிக்கூடத்துக்குப் போக ஏங்கினான். சிரிக்க வைத்துக்கொண்டே கலைவாணர் கேட்ட கேள்வி கூர்மையானது.

இவ்வரிசையில் இன்றைய மேடைக்கென எழுதப்பட்டது, 1978-இல் இந்திரா பார்த்தசாரதி இயற்றிய "நந்தன் கதை". உழைக்கும் மக்களின் ஆடல் பாடல் ஒருபுறமும், பரதம் மறுபுறமும் மேடையில் எதிரெதிரே நிற்கின்றன. இங்கே இசை அணிகலன் அன்று. வாதமே இசையின் வாயிலாக நிகழ்கிறது. நந்தன் நெருப்பில் இறங்குகிறான். ஆனால் முனிவனாக மீண்டு வரவில்லை. அவனுடைய ஏக்கத்தையே வலையாக விரித்து, ஆதிக்கம் செலுத்துவோர் அவனை நெருப்புக்கு அனுப்பிவிடுகின்றனர்.

நெருப்பு யாருடையது?

இந்த முடிவு ஏன்? நம் மாவட்டத்தை அடுத்துள்ள கீழ்வெண்மணியை மறந்தவர்க்கே இக்கேள்வி எழும். 1968 டிசம்பர் 25, நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அதே நாளின் இரவில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளரின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்நிகழ்ச்சியை வைத்து இந்திரா பார்த்தசாரதி 1975-இல் எழுதிய "குருதிப்புனல்" நாவல் 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதன் பின் வந்ததே இந்நாடகம்.

சைவ அன்பர்களுக்கு நந்தனார் சோதியில் கலந்தமை புனித நிகழ்ச்சி. அதை நாம் மதிக்கிறோம். ஆயினும் அற்புதத்தை அகற்றிவிட்டுக் காட்டும் மேடை, எஞ்சி நிற்கும் மனிதச் செயலைக் காணுமாறு நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. 1971-இல் நியூயார்க் மேடையேறிய "இயேசு கிறிஸ்து சூப்பர்ஸ்டார்" என்னும் இசை நாடகமும் உயிர்ப்புக் காட்சி இன்றியே முடிந்தது. கிறிஸ்தவர் பலர் சினந்தனர். எனினும் சிலுவையில் அறைந்தவர்கள் சாதாரண மனிதர்களே என்பதை அதைக் கண்டவர்கள் எளிதில் மறந்திருக்க முடியாது.

"இது கோயில் கதை, நம் ஆலயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. தமிழகத்தில் நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதியின் சுவர் நின்றதில்லையா? திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்கு வரும், எந்தத் தெருவுக்கு வராது என்று வழக்காடியதில்லையா? ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நாம், ஒரே மண்ணில் புதைக்கப்பட மறுத்தால், நந்தனை வாயிலில் நிறுத்தியவர்களை விட எவ்வகையில் மேலானவர்கள்? மேடையில் நந்தன் நிற்கும்போது, நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே கேள்வி.

பெற்றோருக்கு

நாடகத்தைக் காண வாய்ப்பில்லையேல் நூலை வாங்கி, மாலையில் வீட்டார் ஆளுக்கொரு பாத்திரமாக வாய்விட்டுப் படியுங்கள். தண்டபாணி தேசிகரின் பாடல்களைப் பிள்ளைகளுக்குக் கேட்கச் செய்யுங்கள். பின்பு மூன்று வினாக்களைக் கேளுங்கள்: நந்தன் யாரிடம் விடை கேட்டான்? அவன் ஏன் கேட்க வேண்டியிருந்தது? இன்று நம் ஊரில் யார், யாரிடம், எதற்காக விடை கேட்டு நிற்கிறார்கள்?

நம் பங்கு இளைஞர்கள் ஆண்டுதோறும் விழாவுக்கு நாடகம் போடுகின்றனர். அடுத்த முறை இக்கதையை எடுத்துக்கொள்ளலாமே! அப்படிச் செய்தால், பறை வாசிக்கத் தெரிந்தவரை மேடையின் ஓரத்தில் நிறுத்தாமல் நடுவில் அமர்த்துங்கள். நந்தன் தந்த தோல் இத்தனை நூற்றாண்டுகள் உள்ளே ஒலித்துவிட்டது. அதைத் தந்தவனின் பிள்ளைகளும் உள்ளே அமரட்டும்.