பக்கம் முதலா, பகல் முதலா?

ஒரு தமிழ் அகராதியைப் பிரித்து, பக்கம், பகல், பகை ஆகிய மூன்று சொற்களையும் தேடிப் பாருங்கள். முதலில் வருவது பக்கம். பிறகு பகல். அதற்கும் பின்னால்தான் பகை. இதே சொற்களைக் கணிப்பொறியிடம் கொடுத்து, வேறு விதி எதுவும் சொல்லாமல் அடுக்கச் சொன்னால், பகல், பகை, பக்கம் என்று அடுக்கித் தரும்! ஏன் இப்படி?

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கும் யூனிகோடு பட்டியலில், ‘ல’வின் எண் 2994, ஐகாரக் குறியின் எண் 3016, புள்ளியின் எண் 3021. ‘க்’ என்பதற்குத் தனி எண் கிடையாது. ‘க’, அதன்பின் புள்ளி என்று இரண்டு எண்களாகவே அது பதிவாகிறது. நம் இலக்கணத்தில் மெய்யோடு அகரம் சேர்ந்து ‘க’ பிறக்கிறது. இங்கே எல்லாம் தலைகீழ். மூன்று சொற்களிலும் முதல் இரண்டு எண்கள் ஒன்றே. மூன்றாவது எண்ணை ஒப்பிட்டதும், பாவம், ‘பக்கம்’ கடைசிக்குப் போய்விடுகிறது.

இன்னொரு வேடிக்கை. தமிழ் எழுத்துகள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிகின்றன என்று தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே கூறுகிறது. யூனிகோட்டிலோ ‘ன’வின் எண் 2985. அது ‘ந’வை ஒட்டி, ‘ப’வுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் இந்திய எண்முறை, இந்திய மொழிகளை எல்லாம் தேவநாகரி வரிசையை ஒட்டி ஒரே அட்டவணையில் அமைத்தது. 1991-இல் வந்த யூனிகோடு அதைப் பின்பற்றியது. அதனால் மரம், மலை, மழை, மனை என்ற வரிசையில் கடைசியில் நிற்க வேண்டிய மனை முதலிடத்துக்கு வந்துவிடும்.

எண்களை மாற்றிவிட்டால் போயிற்று என்பீர்கள். முடியாது! இரு புள்ளி வைத்த ‘ஏ’ என்ற எழுத்தை ஜெர்மன் அகராதி சாதாரண ‘ஏ’யுடன் சேர்த்து வைக்கிறது. ஸ்வீடன் நாட்டு அகராதியோ ‘இசட்’டுக்கும் பின்னால் வைக்கிறது. எழுத்து ஒன்று, எண்ணும் ஒன்று. இடம் மட்டும் இரண்டு. ஆகவேதான், எண்ணை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு மொழியின் அகரவரிசைக்கும் தனி விதி அட்டவணை எழுதினார்கள். இதற்குக் கொலேஷன் என்று பெயர். செய்திகளைச் சேமித்துத் தேடித் தரும் டேட்டாபேஸில் தமிழ்க் கொலேஷனைத் தேர்ந்தெடுத்தால், பக்கமும் மனையும் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடும்.

அழகாக அடுக்குவதற்கு மட்டுமா இந்த விதி? இல்லை, தேடுவதற்கும் இதுவே ஆதாரம். பத்து லட்சம் பெயர்கள் வரிசையாக இருந்தால், நடுவில் பார்த்து, முன் பாதியா பின் பாதியா என்று தீர்மானித்து, பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகலாம். சுமார் இருபது ஒப்பீடுகளில் வேண்டிய பெயர் கிடைத்துவிடும். இதற்காக டேட்டாபேஸ் முன்கூட்டியே ஓர் அட்டவணையை அடுக்கி வைத்துக்கொள்கிறது.

அடுக்கிய பிறகு விதி மாறினால்? 2018-இல் அப்படியே நடந்தது. லினக்ஸ் கணிப்பொறிகளில் பரவலாகப் பயன்படும் ஜிலிப்சி என்ற அடிப்படை நிரல் தொகுப்பின் 2.28 பதிப்பில் வரிசை விதிகள் திருத்தப்பட்டன. ஆங்கில விதியில் அதுவரை 11-க்குப் பின்னால் வந்த 1-1, இப்போது முன்னால் வந்தது. அந்த விதிகளை நம்பியிருந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்களின் அட்டவணைகளோ பழைய வரிசையிலேயே இருந்தன. புதிய விதியின்படி முன் பாதியில் தேடினால், பழைய விதியில் அடுக்கிய பெயர் பின் பாதியில் இருக்கும். பதிவு பத்திரமாக உள்ளே இருக்கிறது. ஆனால் ‘இல்லை’ என்று பதில் வருகிறது! இல்லையென்று நம்பி அதே பதிவை இரண்டாம் முறை ஏற்றுக்கொள்ளவும் கூடும்.

அட்டவணையைப் புதிய விதிப்படி முழுவதும் திரும்ப அடுக்குவதே இதற்கு மருந்து. எந்தப் பதிப்பு விதியைக் கொண்டு அடுக்கினோம் என்பதையும் போஸ்ட்கிரெஸ் இப்போது குறித்து வைத்துக்கொள்கிறது. பதிப்பு மாறியிருந்தால் எச்சரிக்கிறது.