கணக்கில் வராத கூடைகள் – 7: 139 ஆட்டங்கள்

ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற பெண்கள் விளையாட்டு அமைப்பு 1971இல் பிறந்த கதையும், 1982இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கான போட்டியைத் தானே தொடங்கியதும் அந்தப் பெண்கள் அமைப்பு மூச்சுமுட்டிச் செத்த கதையும் சென்ற வாரமே முடிந்தன. மறுபடி சொல்லப்போவதில்லை. இந்த வாரம் கூடைப்பந்து வீராங்கனை லினெட் உட்டர்டை ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் ஓர் எண் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போக மனம் ஒப்பவில்லை. அந்த எண் 139.

கான்சஸ் பல்கலைக்கழகத்துக்காக 1977 முதல் 1981 வரை உட்டர்ட் ஆடிய ஆட்டங்கள் 139, எடுத்த புள்ளிகள் 3,649. அயோவா பல்கலைக்கழகத்துக்காக 2020 முதல் 2024 வரை கெய்ட்லின் கிளார்க் ஆடிய ஆட்டங்களும் 139தான்! அவர் எடுத்தவை 3,951. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உள்ள இரண்டு பெண்களின் கல்லூரி வாழ்க்கை ஓர் ஆட்டம்கூட ஏறாமல் குறையாமல் ஒரே அளவில் அமைந்திருக்கிறது. இரு காலங்களை ஒப்பிடும்போது “இவர் அதிகம் ஆடினார், அவர் குறைவாக ஆடினார்” என்ற தகராறு எப்போதும் வரும். இங்கே அதற்கு இடமே இல்லை. சராசரி போட்டுப் பார்க்கவும் தேவையில்லை, மொத்தத்தை மொத்தத்தோடு நேராக வைத்துப் பார்க்கலாம். வித்தியாசம் 302 புள்ளிகள். இனி கிளார்க்கின் இன்னொரு எண்ணை எடுத்துக்கொள்வோம். கல்லூரி வாழ்க்கையில் அவர் போட்ட மூன்று புள்ளிக் கூடைகள் 548. பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு நடைமுறைக்கு வந்தது 1987-88 பருவத்தில். உட்டர்ட் பட்டம் வாங்கி ஆறு ஆண்டுகள் கழித்து. அவர் எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டு புள்ளிதான். கிளார்க்கின் 548 கூடைகளுக்கும் அந்தப் பழைய விலையையே கொடுத்தால் அவருடைய மொத்தம் 3,403 ஆகிறது. உட்டர்டைவிட 246 குறைவு.

உடனே எழும் மறுப்பு நியாயமானது. கோடு இல்லாத காலத்தில் ஆடியிருந்தால் கிளார்க் அவ்வளவு தொலைவில் நின்று எறிந்திருக்க மாட்டார், கூடைக்கு அருகே போயிருப்பார், அருகே போனால் தவறுவதும் குறைந்திருக்கும். ஆகவே 548ஐக் கழிப்பது கணக்காகுமே தவிர நியாயமாகாது. ஒப்புக்கொள்கிறேன். உட்டர்டின் பக்கமும் இதே போன்ற திருத்தங்கள் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் கையில் இருந்தது ஆண்கள் ஆடும் பந்து. சுற்றளவில் ஓர் அங்குலம் சிறியதும் எடை குறைந்ததுமான பெண்கள் பந்து கல்லூரிகளுக்கு வந்தது 1984-85இல். அது கிடைத்திருந்தால் அவர் இன்னும் எத்தனை போட்டிருப்பார் என்று யாரால் சொல்ல முடியும்? கிளார்க்கைக் கீழே இறக்குவதற்காக நான் இந்தக் கணக்கைப் போடவில்லை. ஒரு புள்ளியின் மதிப்பு அந்தந்தக் காலத்து விதியைப் பொறுத்தது. அதனால் இரண்டு எண்களும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நின்றால்தான் இரண்டுக்குமே பொருள் கிடைக்கும். என் வாதம் இவ்வளவுதான்: உட்டர்டின் 3,649 அந்தப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஏ.ஐ.ஏ.டபிள்யூ. காலத்து எண் என்பதால் 2024இல் என்.சி.ஏ.ஏ.வின் ஏட்டில் அது இல்லை.

2024 பிப்ரவரி 15 அன்று மிச்சிகனுக்கு எதிராக 49 புள்ளிகள் குவித்தபோது கிளார்க் கடந்தது என்.சி.ஏ.ஏ. ஏட்டில் முதலிடத்தில் இருந்த கெல்சி பிளமின் 3,527ஐ. பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் உச்ச சாதனை முறிந்தது என்று உலகமெங்கும் செய்தி போனது. ஆனால் உட்டர்டின் எண் அதைவிட 122 அதிகம். பிப்ரவரி 28 அன்று மினசோட்டாவில் கிளார்க் 3,650ஐத் தொட்டபோதுதான் அது கடக்கப்பட்டது. அந்த இரவுக்கு என்.சி.ஏ.ஏ.வின் ஏட்டில் எந்தப் பொருளும் இல்லை. மார்ச் 3 அன்று ஒஹாயோ ஸ்டேட் அணிக்கு எதிராக, இடைவேளைக்குச் சற்று முன் எதிரணிக்கு விழுந்த டெக்னிக்கல் ஃபவுலால் கிடைத்த ஃப்ரீ த்ரோக்களில், அவர் பீட் மாரவிச்சின் 3,667ஐத் தாண்டினார். மீண்டும் உலகச் செய்தி. இந்த வரிசையை உற்றுப் பார்க்க வேண்டும். மாரவிச் ஆண். முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக் கூடாது என்ற விதி இருந்த காலத்தில், மூன்றே பருவங்களில், 83 ஆட்டங்களில் அத்தனையும் எடுத்தவர். அவருக்கும் கிளார்க்குக்கும் பந்து வேறு, எதிராளிகள் வேறு, ஆட்ட எண்ணிக்கை வேறு, கோடும் கிடையாது. அவரோடு ஒப்பிடுவதில் யாருக்கும் தயக்கம் வரவில்லை. அதே ஆட்டத்தை அதே 139 முறை ஆடிய பெண்ணோடு ஒப்பிட மட்டும் ஏடு இடம் தரவில்லை.

ஓர் அமைப்பு தான் நடத்திய போட்டிகளின் கணக்கைத்தானே வைத்துக்கொள்ளும், பிறர் நடத்தியதற்கு அது எப்படிப் பொறுப்பாகும் என்பது என்.சி.ஏ.ஏ.வின் பக்கத்திலிருந்து வரும் வலுவான வாதம். சட்டப்படி இதில் பிழை இல்லை. ஆனால் அந்த அமைப்பே இந்தக் கொள்கையை முழுதாகக் கடைப்பிடிக்கவில்லை. டென்னசியின் பயிற்சியாளர் பேட் சம்மிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல், 22 வயதில், பயிற்சியாளரானார். 2012இல் ஓய்வு பெற்றபோது அவர் பெயரில் இருந்த வெற்றிகள் 1,098. என்.சி.ஏ.ஏ. அந்த எண்ணை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதில் முதல் ஏழு பருவங்கள் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. காலத்தவை. ஓர் அணி வெற்றி பெற்றது என்று ஏற்றுக்கொண்டால், அந்த வெற்றிக்கான புள்ளிகளை யாரோ ஒரு பெண் போட்டிருக்க வேண்டும். பயிற்சியாளரின் வெற்றி கணக்கில் சேரும், அதே இரவில் அதே தரையில் ஆட்டக்காரர் போட்ட கூடை சேராது என்பதை எந்தத் தர்க்கத்தாலும் தாங்கிப் பிடிக்க முடியாது. இந்தத் தொடரில் இதுவரை அடுக்கிய சான்றுகளில் எனக்கு மிக வலுவாகத் தெரிவது இதுதான்.

அந்தக் காலப் போட்டி பலவீனமானது என்றும் சொல்வார்கள். எல்லா அணிகளும் ஒரே தரத்தில் இல்லை என்பது உண்மை. தொடக்க ஆண்டுகளில் வித்தியாசம் மிகப் பெரிது. ஆனால் 1982இல் என்.சி.ஏ.ஏ. நடத்திய முதல் பெண்கள் போட்டியில் ஆடியவர்கள் வானத்திலிருந்து இறங்கி வரவில்லை. முந்தைய ஆண்டு வரை ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வில் ஆடிய பெண்களும் அவர்களுடைய பயிற்சியாளர்களும்தான் அவர்கள். பெயர்ப்பலகை மாறியதால் ஒரே கோடை விடுமுறையில் தரம் ஏறிவிடாது. உட்டர்டின் தரத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அவர் பின்னால் செய்தவற்றைப் பார்க்கலாம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்கு அவர் தலைவி. 1997இல் டபிள்யூ.என்.பி.ஏ. தொடங்கியபோது, கல்லூரியை விட்டு பதினாறு ஆண்டுகள் ஆன பிறகு, கிளீவ்லாந்து அணியில் ஆடினார்.

கதவைத் திறந்தால் பேர்ல் மூரும் உள்ளே வருவாரே என்று கேட்டால், வரட்டும் என்பேன். தென் கரோலினாவின் ஃபிரான்சிஸ் மேரியன் என்ற சிறு கல்லூரியில் 1979 வரை ஆடியவர் அவர். அதற்கு முன் இளநிலைக் கல்லூரி ஒன்றில் எடுத்த 177ஐயும் சேர்த்து அவருடைய மொத்தம் 4,061. கிளார்க்கும் தொடாத எண் அது. சிறு கல்லூரிகளோடு ஆடி எடுத்தது என்று பக்கத்திலேயே குறித்துவிட்டால் போதும். என்.சி.ஏ.ஏ. ஏற்கெனவே தன் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கு எழுதுகிறது. இன்னொரு பத்தி சேர்ப்பது அதற்குக் கடினமான வேலை அல்ல. மூர் கூடைப்பந்துப் புகழ்மன்றத்துக்குள் போக 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. ஏட்டில் பெயர் இல்லாதவரைத் தேடிக் கண்டுபிடிக்க நாற்பது ஆண்டுகள் ஆகின்றன.

உட்டர்ட் இதில் என்ன நினைக்கிறார்? மார்ச் 3 அன்று அயோவாவின் அழைப்பை ஏற்று அவர் அரங்குக்கே போயிருந்தார். அடுத்த மாதம் ஒரு விருது விழாவில், தன் சாதனை முறிந்துவிட்டதாகத் தான் கருதவில்லை என்ற பொருளில் பேசி, பெரிய பந்தையும் இல்லாத கோட்டையும் காரணம் காட்டினார். சர்ச்சை கிளம்பியதும் விளக்கம் தந்தார்: சாதனை கிளார்க்குடையதே, காலங்களை ஒப்பிடுவது கடினம் என்பதையே சொல்ல வந்தேன் என்றார். இரண்டுக்கும் நடுவே முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சேர்ந்து எண்ணப்பட்ட பிறகே ஒரு சாதனையை முறையாக இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியும்.

எண் ஒன்று பக்கங்களைத் தின்றுவிட்டது. குளோப்டிராட்டர்ஸ் அடுத்த வாரம். அமெரிக்காவில் பெண்களுக்கென்று இருந்த ஒரே தொழில்முறை லீக் 1981இல், உட்டர்ட் பட்டம் வாங்கிய அதே ஆண்டில், இழுத்து மூடப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பிறகு, சிறுமியாக இருந்த அவர் கண் முன்னே விரல் நுனியில் பந்தைச் சுழற்றிக் காட்டிய உறவினர் கீஸ் ஆஸ்பி. குளோப்டிராட்டர்ஸ் அணியின் நட்சத்திரம் அவர். 1985இல் அந்த அணி வரலாற்றிலேயே முதன்முறையாகப் பெண்களைத் தேர்வுக்கு அழைத்தபோது லினெட்டுக்கு வயது 26.