டி.வி. பார்த்து நகை வாங்கிய காலம் போச்சு: செல்போனில் வாங்குவோர் உஷார்!

சென்னை:
சீரியல் நடுவே நகைக்கடை விளம்பரம் வரும். நடிகை கழுத்தில் மின்னும் ஆரத்தைப் பார்த்துவிட்டு மறுநாளே தி.நகருக்கு பஸ் ஏறுவார்கள். "உடனே போன் பண்ணுங்க" என்று டெலிஷாப்பிங்காரர்கள் கூவிக்கூவி கவரிங் செட் விற்றார்கள்.

இப்போது பெண்களின் பார்வை செல்போன் பக்கம் திரும்பி இருக்கிறது. இதில் சென்னைக்கும் பங்கு உண்டு. ஆன்லைனில் நகை விற்கும் கேரட்லேன் 2008-ல் இங்குதான் தொடங்கப்பட்டது. 2016-ல் அதன் பெரும்பங்கை டைட்டன் நிறுவனம் வாங்கியது.

டி.வி. விளம்பரத்தில் ஆரத்தின் விலையை சொல்ல மாட்டார்கள். செல்போனில் எடை, செய்கூலி, கல் விலை, 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் தனித்தனியாக பார்க்கலாம். மூக்குத்தி, கம்மல் என்றால் துணிந்து ஆர்டர் போடலாம். தாலிச்செயினை கையில் தூக்கிப் பார்க்காம யார் வாங்குவா?

ஆனால் சின்ன நகையில்தான் சிக்கலே. 2023 ஏப்ரல் 1-ந்தேதி முதல் தங்க நகையில் ஹால்மார்க்குடன் எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க அடையாள எண் கட்டாயம். 2 கிராமுக்கு குறைந்த நகைக்கு இந்த கட்டாயம் கிடையாது. மூக்குத்தி பெரும்பாலும் அந்த எடைக்குள் அடங்கிவிடும். எனவே ஹால்மார்க் உண்டா என்று கேட்டுவிட்டு பணம் கட்டுங்கள்.

நகை வந்ததும் அந்த 6 இலக்கத்தை 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் போட்டுப் பாருங்கள். 22 காரட்டா, 18 காரட்டா என்று தெரிந்துவிடும். பில்லோடு ஒத்துப்போகவில்லை என்றால் அன்றே திருப்பி அனுப்புங்கள். பார்சலை பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்தால் பேச்சுக்கு இடமிருக்காது.