20 கட்டம், ஒரு பாட்டி, 4 சோழி

இந்த எபிசோடை ஏற்காட்டுல இருந்து ரெகார்ட் பண்றோம். பின்னாடி மழைச் சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

"பழங்காலப் பாரசீக போர்டு கேம்னு கையால செஞ்சு விக்கிறாங்களே, அதுல எவ்வளவு நிஜம்?" இதுதான் இன்னைக்குக் கேள்வி.

பலகை வரைக்கும் நிஜம்தான். கிழக்கு ஈரான்ல ஷஹ்ர்-இ-சோக்தானு ஒரு இடம். 'எரிந்த நகரம்'னு அர்த்தம். 1977ல அங்க ஒரு கல்லறையில மரப்பலகை கிடைச்சது. அதுல செதுக்கியிருக்குற பாம்பு உடம்பை வளைச்சு வளைச்சே 20 கட்டம் போட்டிருக்கு. கூடவே காய்கள், பகடைகள். வயசு சுமார் 4,500 வருஷம்.

ஏறக்குறைய அதே காலத்துல, இப்போ இராக்ல இருக்குற ஊர் நகரத்துலயும் 20 கட்டம்தான். (ஆமா, அந்த ஊருக்குப் பேரே ஊர்தான்!) 1920கள்ல லியோனார்ட் வூலி அங்க சிப்பியும் நீலக்கல்லும் பதிச்ச பலகைகளைத் தோண்டி எடுத்தார்.

பலகையைப் பார்த்து அச்சு அசலா இன்னொண்ணு செஞ்சிடலாம். எப்படி ஆடுறது? விதி கல்லறையில கிடைக்காதே. பிரிட்டிஷ் மியூசியத்தோட இர்விங் ஃபிங்கல், கி.மு. 2ஆம் நூற்றாண்டு பாபிலோனிய களிமண் பலகை ஒண்ணைப் படிச்சுத்தான் விதிகளைப் பிடிச்சார். அதாவது, ஊர் பலகைக்கும் அந்த எழுத்துக்கும் நடுவுல 2,000 வருஷத்துக்கு மேல இடைவெளி. பாம்புப் பலகைக்கு அதுகூட இல்ல. 2024ல ஆய்வாளர்கள் வெளியிட்ட விதிகளும் ஊர் ஆட்டத்தை வெச்சு ஊகிச்சதுதான். பெட்டிக்குள்ள வர்ற விதித்தாளைப் படிக்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

இனிமே கதை நம்ம பக்கத்து வீட்டுக்கு வருது. கொச்சி யூதர்கள்கிட்டயும் 20 கட்டப் பலகை ஒண்ணு இருந்திருக்கு. கொச்சியில பிறந்து இஸ்ரேலுக்குப் போன ரூபி டேனியல், சின்ன வயசுல அதை ஆடினவங்க. வயசான காலத்துல ஒரு கிப்புட்ஸ்ல இருந்த அவங்ககிட்ட கேட்டு அந்த விதிகளைப் பதிவு பண்ணினாங்க. இது ஊர் ஆட்டத்தோட கடைசிக் கிளைங்கிறது ஃபிங்கலோட கருத்து. கட்டக் கணக்கு ஒத்துப்போறது மட்டுமே ஆதாரம் ஆகாதுன்னு எனக்குத் தோணுது. ஆனா அன்னைக்கு யாரும் கேக்காம விட்டிருந்தா, பலகை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள மிஞ்சியிருக்கும். கீழடியில கிடைச்ச தந்தப் பகடை மாதிரி. அதை உருட்டி என்ன ஆட்டம் ஆடினாங்கன்னு அந்தப் பகடை சொல்லாது.

சரி, செஞ்சு பாக்கணுமா? இங்க காப்பித் தோட்டத்துல நிழலுக்கு வளக்குற சில்வர் ஓக் மரத்துல ஒரு துண்டுப் பலகை போதும். ஊர் பலகைன்னா ஒரு பக்கம் 12 கட்டம், இன்னொரு பக்கம் 6, நடுவுல பாலம் மாதிரி 2. அஞ்சு கட்டத்துல பூ. இப்போ பரவலா ஆடுற விதிப்படி, பூவுல காய் விழுந்தா இன்னொரு தடவை உருட்டலாம். அசல் பகடை நாலு முனை உள்ள கூம்பு. ரெண்டு முனையில மட்டும் குறி. அதைச் செதுக்குறது பெரிய வேலை. 4 சோழியை வெச்சுக்கோங்க. ஒண்ணு மட்டும், சோழி சரிபாதியா விழாது, ஒரு பக்கம் சாயும். ஆடுறதுக்கு முன்னாடி 100 தடவை போட்டு எண்ணிப் பாத்துடுங்க.