மொட்டை மாடியில் வாஷிங் மெஷின்... வீட்டுக்காரருக்கு கட்டுப்படியாகுமா?

கோவை: சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு சுலபமாக வரும் யோசனை இது. மாடியில் சும்மா கிடக்கும் ரூமில் ஒரு வாஷிங் மெஷினை போட்டு, லோடுக்கு 40 ரூபாய் வாங்கினால் என்ன?

யோசனை புதுசு இல்லை. 1934லேயே அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் போர்ட் வொர்த் நகரில் 4 மெஷினை வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். நம்மூர் லைன் வீட்டு வளவில் துவைக்கிற கல்லும் தண்ணித் தொட்டியும் பொதுதான். ஆனால் கல்லுக்கு கரண்ட் பில் கிடையாது, ரிப்பேர் கிடையாது. மெஷினுக்கு ரெண்டும் உண்டு. அங்கேதான் சிக்கல்.

ஒரு கணக்கு போட்டு பார்ப்போம். 12 ரூம், 24 பேச்சிலர்கள். ஆளுக்கு வாரம் ஒரு லோடு என்றால் மாதம் சுமார் 100 லோடு. வரவு 4 ஆயிரம் ரூபாய்.

செலவு? கதவு முன்பக்கம் இருக்கும் மெஷின் விலை 30 ஆயிரம், பலர் கை படுவதால் 3 வருஷம்தான் உழைக்கும் என்று வைத்தால் மாதம் 833 ரூபாய். சர்வீசுக்கு 500. லோடுக்கு கரண்ட் 4 ரூபாய். லாரித் தண்ணி லிட்டர் 15 பைசா என்றால் 60 லிட்டருக்கு 9 ரூபாய். எல்லாம் போக கையில் நிற்பது சுமார் 1,370 ரூபாய்.

அதுவே மாதம் 40 லோடுதான் ஓடுகிறது என்றால் 250 ரூபாய் கைநஷ்டம். 50 லோடு ஓடினால்தான் அசலே தேறும். குடும்பம் குடியிருக்கும் 8 வீட்டு காம்பவுண்டில் இதை நம்ப முடியாது. வசதி உள்ளவர்கள் சொந்த மெஷின் வைத்திருப்பார்கள். இல்லாதவர்கள் 40 ரூபாய் கொடுப்பதற்கு பதில் கையிலேயே கசக்கி விடுவார்கள்.

மேலே மூடி திறக்கும் மெஷின் விலை குறைவுதானே என்று ஏமாறக் கூடாது. அது 120 லிட்டர் குடித்தால் தண்ணிக்கு மட்டும் லோடுக்கு 18 ரூபாய். மெஷின் 20 ஆயிரத்துக்கு கிடைத்தாலும் 100 லோடுக்கு மிஞ்சுவது சுமார் 745 ரூபாய்தான். லாரிக்கு பதில் போர் தண்ணி விட்டால் செலவு குறையும். ஆனால் உப்பு அதிகம் உள்ள தண்ணியில் சோப்பு நுரைக்காது, ஹீட்டரில் உப்பு படியும், சர்வீஸ் ஆளுக்கு அடிக்கடி போன் போட வேண்டி வரும்.

காசு வாங்காமல் வாடகையில் ஆளுக்கு 150 ரூபாய் ஏற்றி விடலாமா? 3,600 ரூபாய் நிச்சயமாக வரும். ஆனால் ஓசி என்றால் ஒத்தை கர்சீப்புக்கும் மெஷின் ஓடும். லோடு 200ஐ தொட்டால் அந்த பணமும் போய் 300 ரூபாய்க்கு மேல் கைவிட்டு போகும்.

பெரிய பொறி மீட்டரில் இருக்கிறது. வீட்டு இணைப்பில் மெஷினை ஓட்டி காசு பார்த்து மாட்டினால், 2003 மின்சார சட்டத்தின் 126வது பிரிவில் ரெட்டிப்பு கட்டணம் போடலாம். அடுக்குமாடி பொது மீட்டர் கட்டணம் 2022 செப்டம்பரில் யூனிட் 8 ரூபாய் ஆனது. அதன் பிறகு ஏறிய கட்டணத்தை 2023ல் 8.15ல் இருந்து 5.50 ஆக குறைத்தார்கள். ஆனால் அது 10 வீட்டுக்குள், 3 மாடிக்குள், லிப்ட் இல்லாத கட்டிடத்துக்கு மட்டும். காசுக்கு துவைத்தால் எந்த கட்டணம் என்று மின்வாரிய பிரிவு அலுவலகத்தில் முதலில் கேட்டு விடுவது நல்லது. வணிக இணைப்பு என்றால் மாதா மாதம் நிலைக்கட்டணமும் சேரும்; மேலே போட்ட கணக்கில் அது இல்லை.

குடியிருப்பவர்களும் உஷாராக இருக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகை சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். லோடுக்கு எவ்வளவு, மெஷின் கெட்டால் யார் செலவு என்பதை அதிலேயே எழுதி வாங்கி விடலாம். துவைத்த காசு பாக்கி என்பதற்காக வீட்டுக்கு வரும் தண்ணியையோ கரண்டையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை.