பழைய நரம்பும் புதிய முழக்கமும்

ஒரு மரபு மற்றொரு மரபைச் சந்திக்குங்கால் தன் இயல்பை இழக்குமா, அன்றி வளம் பெறுமா என்னும் வினா இலக்கியத்திற்கு மட்டும் உரியதன்று, இசைக்கும் உரியதாகும். இதற்கு விடை காண, 1970ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இங்கிலாந்தில் வெளிவந்த 'ஏர் கண்டிஷனிங்' என்னும் இசைத்தட்டை நாம் சான்றாகக் கொள்ளலாம். இது 'கர்வ்டு ஏர்' என்னும் குழுவினரின் முதற் படைப்பாகும்.

மின் கிதாரும் முரசும் ராக் இசையின் உயிர்நாடிகள். 1960களின் இறுதியில் பிரிட்டானிய இளைஞர் சிலர், மூன்று நிமிடப் பாடல் என்னும் எல்லையைக் கடந்து, செவ்வியல் இசைக்குரிய நீண்ட அமைப்பை அதனுள் புகுத்தினர். அவ்வகை 'புரோகிரசிவ் ராக்' எனப் பெயர் பெற்றது. 1969இலேயே 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்', 'ஹை டைட்' ஆகிய குழுக்களின் முதல் இசைத்தட்டுகளில் வயலின் ஒலித்தது. எனினும், அதனை நடுநாயகமாக்கியோருள் கர்வ்டு ஏர் குழுவினர் குறிப்பிடத்தக்கவர்.

வயலின் வாசித்த டேரில் வே, லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் பயின்றவர். கிதாரும் விசைப்பலகையும் வாசித்த பிரான்சிஸ் மங்க்மன், ராயல் இசைக் கழகத்தில் கற்றவர். பாடகி சோன்யா கிறிஸ்டினாவோ நாடக மேடையிலிருந்து வந்தவர். கற்ற மரபைக் கைவிடாமலே புதியது நாடியவர் இவர்கள் என்பது நோக்கத்தக்கது.

வயலினின் ஒலி அதன் குடைவான மரப்பெட்டியால் பெருகுவது. முரசின் முழக்கத்திடையே அது கேளாது. ஒலிவாங்கியை அருகில் வைத்தாலோ, பொதுக்கூட்ட மேடைகளில் நாம் கேட்டுப் பழகிய கீச்சொலி எழும். ஆதலின் நரம்பின் அதிர்வை நேரே மின்னலையாக மாற்றும் 'பிக்கப்' என்னும் சிறு கருவி பயன்பட்டது. வில்லும் விரலும் மாறவில்லை. குரல் மட்டுமே ஓங்கியது.

இத்தட்டில் புகழ்பெற்றது, 'விவால்டி' என்னும் ஏழு நிமிடத்திற்கு மேற்பட்ட இசைப்பகுதி. அன்டோனியோ விவால்டி (1678–1741) வெனிஸ் நகரத்து இசைமேதை. தாமே வயலின் வல்லுநர். டேரில் வே அவருடைய இசையைப் படியெடுக்கவில்லை. அவர்தம் நடையைத் தழுவித் தாமே புதிது புனைந்தார். படியெடுத்தல் வேறு, வழிவந்து படைத்தல் வேறு என்பதற்கு இது நற்சான்று.

இத்தட்டிலேயே எதிர்மறைப் பாடமும் உண்டு. முதற்பதிப்பு, வண்ணப்படம் பதித்த தட்டாக வெளிவந்தது. நீண்ட ராக் இசைத்தட்டுகளில் அவ்வாறு வந்த முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. விற்பனைப் பட்டியலில் 8ஆம் இடம்வரை எட்டியது. ஆனால் படத்தின்மேல் ஒட்டிய மெல்லிய படலத்தில் ஒலிப்பள்ளம் பதிவதால் இத்தகைய தட்டுகளில் இரைச்சல் மிகும். கண்ணுக்கு விருந்தானது செவிக்கு இடையூறாயிற்று. பின்னர் வழக்கமான கரிய தட்டாகவே அது விற்கப்பட்டது.

வயலினின் இயல்பறிந்து செய்த மாற்றம் நிலைத்தது. தட்டின் பயன் மறந்து செய்த ஒப்பனை நிலைக்கவில்லை. புதுமை நாடும் மாணவச் செல்வங்கள் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். மரபைப் பூட்டி வைத்தலும் காப்பன்று. அறியாமல் மாற்றுதலும் ஆக்கமன்று. முறையாகக் கற்றவர் கையிலேயே பழையது புதிதாகப் பேசும் என்பது நம் துணிபு.